காலி என்ற இடத்தில் ஆளைக் கண்டுபிடித்த அக்காவுக்கு

கேள்வி கேட்பதையே கடமையாகக் கொண்டவரே! கிடைத்த பதிலை இன்னொரு முறை கேட்டுச் சரிபார்க்கும் கண்டிப்பின் கருவூலமே! சொன்னதைச் சோதித்துப் பார்த்து, சோதித்ததைச் சொல்லவும் தயங்காத சீற்றச் செல்வியே! நினைவகப் பிரிவின் நெஞ்சே, நரம்பே, சில நாட்களில் எங்கள் தலைவலியே! இன்று மாலையோடு பணி ஓய்வு பெறும் எங்கள் அக்காவே! வணக்கம், வணக்கம், உள்ளம் கொதிக்கும் வணக்கம்!

கனியும் வணக்கம் என்றுதான் எழுதத் தொடங்கினோம். அப்படி எழுதும் மனநிலையில் நாங்கள் இல்லை. இம்மடலை வரைந்தவன் தங்கள் அடுத்த மேசைக்காரன். படித்துப் பார்த்துச் சூடு போதாது என்று திருப்பி அனுப்பியவர்கள் பிரிவில் உள்ள மற்ற அனைவரும். ஆகவே இதில் உள்ள கோபம் எல்லாருக்கும் பொது. எழுத்துப்பிழை மட்டும் என்னுடையது.

நிர்வாகம் எங்கள் சிரமத்தைக் குறைக்க எண்ணி, அழகிய பூங்கொடி ஓரம் போட்டு, அச்சடித்த பாராட்டு மடல் ஒன்றை முன்கூட்டியே தந்தது. கையொப்பம் இட்டால் போதும், சட்டம் போட்டு மாட்டிவிடலாம் என்றார்கள். படித்தோம். "பணிக்காலத்தில் நேர்ந்த பிழைகளிலிருந்தும் பாடம் கற்ற பண்பாளர்" என்று நடுவில் ஒரு வரி பதுங்கிக் கிடந்தது. எந்தப் பிழை? எவருடைய பிழை? விடைபெறும் மேடையில்கூட ஒரு பழியைப் பூவுக்குள் பொதிந்து கையில் கொடுத்து அனுப்புவதா? அந்தத் தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த காபி மேசையின் காலுக்கு அடியில் வைத்தோம். மேசை இப்போது ஆடவில்லை. அந்த அளவில் நிர்வாகத்திற்கு நன்றி.

முன்வரிசையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று பணிவன்போடு கேட்டுக்கொள்கிறோம். மடல் கொஞ்சம் நீளம்.

அக்காவே! மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் தங்கள் கணவர் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டு, "இத்தன வருஷமா இவ இங்க என்னதாம்மா பண்ணினா? கேட்டா, 'இடம் கேக்கறேன்'ங்கறா. ஏதோ பஸ்ல ஏறின மாதிரி" என்றார். அவருக்காகவும், அவர் பக்கத்தில் செவிலியர் சீருடையிலேயே வந்து அமர்ந்திருக்கும் தங்கள் தங்கைக்காகவும், தங்கள் வேலை இன்னதென்று விளக்குவது எங்கள் கடன். இது விளங்கினால்தான் எங்கள் ஆத்திரமும் விளங்கும்.

இந்த நிறுவனம் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளை உருவாக்குகிறது. ஒரே பெரிய கணினியைப் பல கணினிகளாகப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் தொழில். ஒரு மருத்துவமனையின் மருந்துப் பட்டியலும், சம்பளப் பட்டியலும், எக்ஸ்ரே படங்களும் ஒரே இரும்புப் பெட்டிக்குள், ஆளுக்கொரு கணினி தனக்கென்று இருப்பதாக நம்பிக்கொண்டு ஓடும். ஒருவர் இடத்தில் மற்றவர் கால் வைக்காமல் காவல் காப்பது எங்கள் ஹைப்பர்வைசர். ஆனால் பெட்டிக்கு மின்சாரம் வந்தவுடன் முதலில் கண் விழிப்பது அது அன்று. கணினியின் மதர்போர்டுப் பலகையோடு ஒட்டிப் பிறந்த ஃபர்ம்வேர் என்னும் சிறு மென்பொருள்தான் முதலில் எழுகிறது. மெமரி எனப்படும் நினைவகம் மொத்தம் எவ்வளவு, அதில் எது காலி, எது பழுது, எதில் தன் சொந்தச் சாமான்கள் கிடக்கின்றன என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். பின்னால் வரும் ஹைப்பர்வைசரோ, இருட்டில் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும் புதுக் குடித்தனக்காரர். வீட்டுக்காரரைத்தான் அது கேட்டாக வேண்டும்: எந்த அறை எனக்கு, எந்த அறையைத் தொடக்கூடாது? அதற்கு ஃபர்ம்வேர் நீட்டும் பட்டியலே நினைவக வரைபடம். அதைக் கேட்டு வாங்கும் பகுதி முழுவதும், முதல் வரி முதல் கடைசி வரி வரை, தாங்கள் எழுதியது.

கேட்டு வாங்குவது என்ன பெரிய வேலை என்று முன்வரிசையில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். பட்டியலை வாங்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை எடுத்துக்கொண்ட நொடியிலேயே காலியிடம் குறைந்து, பட்டியல் மாறிப்போகும். ஆகவே பட்டியல் எவ்வளவு பெரியது என்று முதலில் கேட்டு, அதைவிடச் சற்றுத் தாராளமாகவே இடம் ஒதுக்கி, அதன் பின்னரே பட்டியலை வாங்க வேண்டும். கூடவே ஒரு சாவி எண் வரும். அந்தச் சாவியைக் காட்டி, இனி வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹைப்பர்வைசர் சொல்ல வேண்டும். இடையில் பட்டியலில் கடுகளவு மாற்றம் நேர்ந்திருந்தாலும் சாவி செல்லாது. மறுபடி கேள் என்று ஃபர்ம்வேர் விரட்டிவிடும். சாவி செல்லுபடியானால், கணினி எழும் பூட் நேரத்தில் உதவிக்கு நின்ற ஃபர்ம்வேர் விலகிக்கொள்ளும். அதன்பிறகு எது யார் இடம் என்று சந்தேகம் கேட்க ஆளே கிடையாது. கேட்க வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தோழர் ஒருவருக்கு 'அச்சு' என்ற பட்டப்பெயர் வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. வரைபடம் கைக்கு வந்த பூரிப்பில், சாவியைக் காட்டுவதற்கு முன்பாக, "வரைபடம் கிடைத்துவிட்டது" என்று திரையில் ஒரு வரி அச்சிடச் சொல்லித் தங்கள் நிரலுக்கு நடுவில் அவர் செருகிவிட்டார். அந்த வரியை அச்சிட ஃபர்ம்வேர் தன் பங்குக்குக் கொஞ்சம் நினைவகம் எடுத்துக்கொண்டது. பட்டியல் மாறியது. சாவி செல்லவில்லை. ஹைப்பர்வைசர் மறுபடி கேட்டது; மறுபடி பூரித்தது; மறுபடி அச்சிட்டது. ஆய்வறைத் திரைகள் எல்லாம் வரைபடம் கிடைத்துவிட்டது, வரைபடம் கிடைத்துவிட்டது என்று ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கணினிகூட எழவில்லை. நாங்கள் வன்பொருளைத் திட்டினோம், மின்சாரத்தைத் திட்டினோம், ஒருவரை ஒருவர் திட்டினோம். தாங்கள் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரின் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வந்து திரையைப் பார்த்தீர்கள். "கிடைச்சா சந்தோஷப்படுடா, வேணாங்கல. உள்ள போயிட்டு சந்தோஷப்படு. வாசப்படியில நின்னுகிட்டு என்னடா கூத்து?" என்றீர்கள். அச்சு அன்று குனிந்த தலையை அடுத்த வாரம்தான் நிமிர்த்தினார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிரிவில் செய்த தவறு இன்னது, செய்தவர் இன்னார் என்று சபையில் சொல்ல எவரும் கூசியதில்லை. அச்சு கூசவில்லை, இன்றும் தன் பட்டப்பெயரைத் தானே சொல்லித்தான் கைகுலுக்குகிறார். தவறை ஒப்புக்கொள்வது இங்கே குடும்ப வழக்கம். செய்யாத தவறை ஒருவர் தலையில் கட்டுவதுதான் மேல்மாடி வழக்கம்.

கனிவின் இருப்பிடம் என்று தங்களைப் பாராட்ட எங்களுக்கும் ஆசைதான். பொய் சொல்ல மனம் வரவில்லை. யாராவது வந்து, "சரியாத்தான் இருக்கணும் அக்கா" என்றால் போதும். "இருக்கணும்னா என்ன அர்த்தம்? இருக்கா, இல்லையா?" என்று தாங்கள் திரும்பும் வேகத்தில் எத்தனை பேர் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியிருக்கிறது! புதிதாக மணமான தோழி ஒருத்தி, தங்கள் குரலுக்குப் பயந்து கழிவறையில் நின்று தன் நிரலைப் படித்துப் பார்த்துவிட்டு வருவாள். அவளேதான், அவளுடைய அப்பா படுத்த படுக்கையான மாதங்களில், அவள் வேலையையும் சேர்த்துத் தாங்கள் செய்துவிட்டு அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை என்று இன்று காலை எங்களிடம் அழுதுகொண்டே சொன்னாள். திட்டுவதை ஊரறியத் திட்டி, உதவுவதை ஒளித்து உதவிய விந்தை மனிதர் தாங்கள்!

இனி, எங்கள் உள்ளம் கொதிக்கும் காரணத்திற்கு வருகிறோம்.

தங்கள் தங்கை பணிபுரியும் மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். அங்கே கணினிப் பலகைகள் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் புதிய கணினிகள் வந்து இறங்கின. அவற்றின்மேல் எங்கள் ஹைப்பர்வைசர் ஏறியது. சில வாரங்களில் வார்டுத் திரையில் ஒரு முதியவரின் மருந்து அளவு, இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில், நாற்பத்தொன்று என்று காட்டியது. தங்கை மருந்தைக் கொடுக்கவில்லை. தன் அனுபவத்தை நம்பினார், திரையை நம்பவில்லை, அக்காவின் இரத்தம்தானே! திருத்திவிட்டுப் போனவர் திரும்பி வந்து பார்த்தபோது நாற்பத்திரண்டு. வார்டு முழுவதும் கணினியை மூடிவிட்டுத் தாளில் எழுதத் தொடங்கினார்கள். அவர் தங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன சொற்கள் எங்கள் பிரிவில் இன்று எல்லாருக்கும் மனப்பாடம்: "அக்கா, இது ஏறி ஏறி இறங்குதுக்கா. டோஸ் இப்படி ஏறி இறங்காது. ஜுரம்தான் இப்படி ஏறி இறங்கும்."

வேறொருவராக இருந்தால், பார்க்கிறோம் என்று சொல்லி ஒரு புகார் எண் கொடுத்திருப்பார். தாங்கள் அடுத்த பேருந்தைப் பிடித்தீர்கள். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், மூச்சு முட்டும் இயந்திர அறையில், தூக்கிப்போடவிருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கணினியின் காற்று வாயில் முன்னால் கையால் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மறுகையில் தொலைபேசி. மேலே வார்டில் திரையின் முன் தங்கை. "ஏறுதுக்கா... நாப்பத்தஞ்சு... நாப்பத்தேழு..." அட்டையை எடுத்தீர்கள். "இறங்குதுக்கா!"

கண்டுகொண்டீர்கள். அது மருந்தின் அளவே அன்று. கணினியின் சொந்தச் சூடு! நினைவகத்தின் ஒரு பகுதியைக் காலி, எடுத்துக்கொள் என்று வரைபடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பலகையின் ஃபர்ம்வேர் தன் வெப்பநிலைக் கணக்கைத் திருட்டுத்தனமாக அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. வாடகைக்கு விட்ட அறைக்குள் மாற்றுச்சாவி போட்டுப் புகுந்த வீட்டுக்காரர்! அந்த அறையில் இருந்ததோ ஒரு முதியவரின் உயிர்!

இதை எடுத்துச் சொன்னபோது பலகைக் கம்பெனியின் பிரதிநிதி எங்கள் கூட்ட அறைக்கு வந்தார். வாசனை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். "மேடம், எங்க வரைபடம் சான்றிதழ் வாங்கினது. உங்க சாஃப்ட்வேர்தான் எங்கயோ தப்பா எழுதுது" என்று வாய் கூசாமல் சொன்னார். தாங்கள் எழுந்து நிற்கக்கூட இல்லை. "சரிங்க. உங்க விசிறிக்குப் பக்கத்துல எவ்வளவு சூடுன்னு என் சாஃப்ட்வேருக்கு யாருங்க போய்ச் சொன்னது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அவருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது. மணி அடித்ததாக எங்களில் யாருக்கும் நினைவில்லை.

வென்றோம் என்றுதான் நினைத்தோம். எவ்வளவு அப்பாவிகள் நாங்கள்! பலகைக் கம்பெனியோடு கூட்டு ஒப்பந்தம் கனிந்துகொண்டிருந்த காலம் அது. அடுத்த வாரம் மருத்துவமனைக்கு எங்கள் நிறுவனத்தின் பெயரில் ஓர் அறிக்கை போனது. "எங்கள் நினைவகப் பிரிவின் கவனக்குறைவே காரணம். பொறுப்பானவர் எச்சரிக்கப்பட்டுள்ளார்." அட்டை பிடித்து நின்ற கைக்கு எச்சரிக்கை! மாற்றுச்சாவி போட்டவருக்கு மாலை மரியாதை! தாங்கள் இயக்குநர் அறைக்குள் போனபோது கதவு திறந்தே இருந்ததால், அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது: "இது ஒரு ஃபார்மாலிட்டிமா. ஒரே ஒரு வரி. இதெல்லாம் யாரு படிக்கப் போறாங்க?"

யார் படித்தார்கள் என்று சொல்கிறோம். மருத்துவமனை அதைச் செவிலியர் அறைக்கு வெளியே ஒட்டியது. தங்கை பணி முடிந்து போகும் வழியில் நின்று படித்தார். கூட வேலை பார்ப்பவர்களும் படித்தார்கள். அன்று மாலை அவர் நேரே இங்கேதான் வந்தார். வரவேற்பறையில் உட்காரக்கூட இல்லை. "பொறுப்பானவர்னு போட்டிருக்கே, அது நீதானேக்கா? எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?" என்றார். "உண்மையச் சொல்லு" என்றீர்கள். "சொன்னேன்க்கா. உண்மைன்னா அதையும் ஒட்டியிருப்பாங்களேன்னு கேக்கறாங்க" என்றார் அவர். எவரோடும் எதற்கும் பதிலுக்குப் பதில் பேசிப் பழகிய எங்கள் அக்கா அன்று வாயடைத்து நின்றதை நாங்கள் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று பார்த்தோம். அதை மறக்கவும் மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம்.

தாங்கள் வழக்குப் போடவில்லை. வேலையை விடவில்லை. மேசைக்குத் திரும்பிப் போய் எழுதத் தொடங்கினீர்கள். நாங்கள் 'அக்காவின் சல்லடை' என்று அழைக்கும் பகுதி அப்படிப் பிறந்தது. இனி எந்த ஃபர்ம்வேர் என்ன வரைபடம் நீட்டினாலும் எங்கள் ஹைப்பர்வைசர் அதை அப்படியே விழுங்காது. ஒரே இடத்தைக் காலி என்றும் ஆள் உண்டு என்றும் இரண்டு வரிகள் சொன்னால், ஆள் உண்டு என்பதையே நம்பும். காலி என்று சொல்லப்பட்ட இடங்களில் ஒரு முத்திரை குத்திவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி வந்து பார்க்கும். முத்திரை கலைந்திருந்தால் அந்த இடத்தைச் சுற்றி வேலி போட்டு, யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைத்துவிட்டு, திரையில் தெளிந்த தமிழில் ஒரு வரி காட்டும்: "காலி என்று சொல்லப்பட்ட இடத்தில் ஆள் நடமாட்டம். ஒதுக்கிவைக்கப்பட்டது."

அந்தக் கம்பெனியின் பலகைகள் எங்கெல்லாம் விழித்தெழுந்தனவோ அங்கெல்லாம் அந்த வரி வந்தது. மருத்துவமனையில் வந்தது. தண்ணீர் வாரியத்தில் வந்தது. எங்கள் ஆய்வறையில் தினமும் காலையில் வந்தது. வந்தவுடன் நாங்கள் கைதட்டினோம். அறிக்கை தங்களைப் பழித்தது. பழிக்கப்பட்டவரோ, பலகைகளையே பதில் சொல்ல வைத்தார்! தங்கள் பெயரைத் துடைக்க இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஒற்றை வரிதான். நிறுவனம் தன் அறிக்கையை இன்றுவரை திருத்தவில்லை.

இவ்வளவும் தாங்கள் அறிந்தது. தாங்கள் அறியாத ஒன்றை இப்போது சொல்கிறோம். நிர்வாகம் பொறுத்தருள வேண்டும். பொறுக்காவிட்டாலும் படிப்போம்.

இன்று காலை, இந்த அறையில் பலூன் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்திற்கு, ஒப்புதல் கேட்டு ஒரு மாற்றம் வந்து நின்றது. "பூட் நேரத்தில் தேவையற்ற தாமதத்தை நீக்குதல்" என்று தலைப்பு. திறந்து பார்த்தோம். அது நீக்கப் பார்த்தது தாமதத்தை அன்று; சல்லடையை. முத்திரையும் இல்லை, வேலியும் இல்லை, அந்த வரியும் இல்லை. பலகைக் கம்பெனி பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்ததாம், வாடிக்கையாளர் முன்னால் மானம் போகிறது என்று. தாங்கள் இருக்கும்வரை எவருக்கும் துணிவு வரவில்லை. தங்கள் கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்கள், அக்கா! கேக் வெட்டும் சந்தடியில் காரியத்தை முடித்துவிட்டால், நாளைக் காலை தாங்கள் வீட்டில் இருப்பீர்கள், கேட்க ஆளிருக்காது. ஒரு கையால் பூங்கொத்து, மறு கையால் அழிப்பான்! இது நியாயமா? இதற்குப் பெயர் வழியனுப்புதலா? சில நொடித் தாமதம் என்கிறார்களே, அந்தச் சில நொடியில்தான் ஐயா ஒரு முதியவருக்கு இரண்டு மாத்திரையா, நாற்பத்தொன்றா என்பது முடிவாகிறது!

இந்த நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. நினைவகப் பகுதியில் ஒரு மாற்றம் சேர வேண்டுமானால், நினைவகப் பிரிவில் இருவராவது படித்துப் பார்த்து, தத்தம் பெயரால் ஒப்புதல் தர வேண்டும். இயக்குநரே ஆனாலும் பிரிவுக்கு வெளியே இருப்பவரின் ஒப்புதல் செல்லாது. விதியில் கையெழுத்துப் போட்டவர் அவரேதான். ஆகவே இன்று மதியம் எங்களை ஒவ்வொருவராக அவர் அறைக்கு அழைத்தார்கள். நல்ல நாற்காலி போட்டார்கள். பிஸ்கட் வைத்தார்கள். "ஒரு கிளிக்தானப்பா. அவங்களே போயாச்சு, இனி யாருக்காக இது?" என்றார்கள்.

உள்ளதைச் சொல்கிறோம்: அச்சுவை நினைத்துத்தான் எங்களுக்குப் பயம். அவருடைய பணி ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து இன்னும் முகம் தெளியவில்லை. உரக்கப் பேசுபவர்களைக் கண்டாலே அவருக்கு வியர்க்கும். உள்ளே போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. நாங்கள் எல்லாரும் வேலை செய்வதாகப் பாவனை செய்துகொண்டு கதவையே பார்த்திருந்தோம். வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "என்னப்பா ஆச்சு?" என்றோம். "இன்னொரு தடவ யோசின்னாரு. யோசிச்சேன். இன்னொரு தடவயும் அதேதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

அக்காவே! நேற்றுத் தாங்கள் எங்களைக் கூப்பிட்டு, "மடல்ல சண்ட கிண்ட வேணாம். கேக் வெட்டிட்டு நல்லபடியா போயிடறேன்" என்றீர்கள். யார் சொல்வது! ஒரு முற்றுப்புள்ளிக்காக ஒரு மதியம் முழுவதும் எங்களோடு மல்லுக்கட்டிய தாங்களா! தங்கள் சொல்லை இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக மீறுகிறோம். கோபித்துக்கொள்ளுங்கள். தங்கள் கோபம் எங்களுக்குப் பழக்கம். தங்கள் மௌனம்தான் பழக்கமில்லை.

தங்கையே! நான் என்ன சொல்லட்டும் என்று அன்று கேட்டீர்கள். இன்று சபையில் சொல்கிறோம். வார்டில் யார் கேட்டாலும் சொல்லுங்கள்: தவறு உங்கள் அக்காவுடையது அன்று. பலகையின் வரைபடம் பொய் சொன்னது. உங்கள் அக்கா அதைப் பிடித்தார். பிடித்தவர்மேல் பழி போட்டார்கள். இதைச் சொன்னது யார் என்று கேட்டால், அவரோடு வேலை செய்த அத்தனை பேரும் என்று சொல்லுங்கள்.

ஓய்வு கொள்க, எங்கள் உரம் வாய்ந்த அக்காவே! ஸ்வெட்டர் தேவைப்படாத அறைகளில் உட்காருக! ஆறிப்போகாத காபி அருந்துக! தங்கள் கணவர் கடைக்கு வருபவர்களிடம், எழுத்து தெரியுதா, இல்ல தெரியற மாதிரி இருக்கா என்று கேட்டு அவர் வியாபாரத்தைக் கெடுக்காதிருக்க! கண்ணும் காலும் கழுத்து நரம்பும் நலமாக, கேட்டதற்கெல்லாம் ஒழுங்கான பதில் கிடைக்கும் உலகத்தில் நூறாண்டு நிறைவாக வாழ்க! அப்படி ஓர் உலகம் கிடைக்காவிட்டால், இருக்கிற உலகத்தோடு நூறாண்டும் சண்டை போட்டு வாழ்க!

இந்த மடலின் அடியில் நினைவகப் பிரிவில் உள்ள ஒவ்வொருவரும் கையொப்பம் இட்டிருக்கிறோம். காலையில் வந்த அந்த மாற்றத்தின் அடியில், இதைப் படித்து முடிக்கும் இந்த நிமிடம் வரை, ஒருவரும் இடவில்லை. நாளையும் இடமாட்டோம்.

இங்ஙனம்,
தங்கள் திட்டு வாங்கி வளர்ந்த
நினைவகப் பிரிவுப் பணியாளர்கள் அனைவரும்